பாபின் குவியலுக்கு நடுவே நாலு பிள்ளைகள்

ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் எங்கள் வகுப்பு முழுவதையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குழந்தைத் தொழிலாளர் பற்றி ஊர் ஊராகப் புகைப்படக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்த ஒரு குழு, அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் படங்களை மாட்டி வைத்திருந்தது. வரிசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். நோட்டில் குறிப்பெடுக்க வேண்டும். தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் பிள்ளைகள், செங்கல் சுமக்கும் பிள்ளைகள், ஹோட்டலில் தட்டுக் கழுவும் பிள்ளைகள். எனக்கு முன்னால் போன தோழி ஒவ்வொரு படத்துக்கும் உச்சுக் கொட்டினாள். நானும் கொட்டினேன்.

பத்தாவதோ பதினோராவதோ படம். அதில் நான் இருந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கும் அளவு. தரையில் நூல் சுற்றும் மர பாபின்கள் மலைபோலக் கிடக்கின்றன. சுற்றி நாலு பிள்ளைகள். வலது ஓரத்தில் பக்கத்து வீட்டு அக்காவும் அவள் தங்கையும். நடுவில் என் தம்பி, அப்பாவின் சட்டையை முழங்கால் வரைக்கும் மாட்டிக்கொண்டு. இடது பக்கம் நான். முன்பல் விழுந்த வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். தலைமுடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் தும்பு.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அந்தப் போட்டோவுக்காக நாங்கள் நாலு பேரும் மாதக்கணக்கில் தபால்காரரை வழிமறித்திருக்கிறோம். "ஏய், இது நான்ட்டி!" என்று தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு படத்துக்குக் கீழே இருந்த அட்டையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் அட்டையை வாசித்தேன்.

"பறிக்கப்பட்ட பிள்ளைப் பருவம். நூல் கழிவு வேலையில் சிறார், இராஜபாளையம்."

எனக்குக் கோபம் காதுவரைக்கும் ஏறியது. ஏனென்றால் அன்று நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம்.

*

அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஏழு. இராஜபாளையத்தில் வேறு மில்கள் ஓடிக்கொண்டிருந்தன என்றாலும் எங்கள் தெரு முழுக்க அந்த ஒரு மில்லை நம்பித்தான் இருந்தது. காலைச் சங்கு நின்றுபோனது. ஆட்கள் நேரங்காலம் தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று பஸ் ஏறினார்கள். அப்பாவும் ஏறினார்.

பெரியவர்களுக்கு அது என்ன காலமோ, எனக்கு அதைவிடச் சந்தோஷமான காலம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்றுகிறார்கள் என்று நீண்ட லீவு. காலையில் சைக்கிளில் ஒரு மாமா வருவார். பின் கேரியரில் சாக்கு மூட்டை கட்டியிருக்கும். அம்மா அதை வாங்கி எங்கள் வீட்டு முற்றத்தில் தட்டுவாள். கடகடவென்று பாபின்கள் உருளும். ஒவ்வொரு பாபினிலும் வேறு மில்லில் ஓடி முடித்த மிச்ச நூல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். அதைக் கையாலேயே உரிக்க வேண்டும்; பிளேடு போட்டால் கட்டையில் கோடு விழுந்துவிடும், அப்புறம் மில்லுக்கு ஆகாது.

அம்மா எங்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பாள். நானும் தம்பியும் ஒரு கட்சி, பக்கத்து வீட்டு அக்காவும் தங்கையும் ஒரு கட்சி. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஆகவே எண்ணுவது தெலுங்கில். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று கத்திக்கொண்டே உரித்த பாபினைக் கூடையில் எறிய வேண்டும். கூடைக்கு வெளியே விழுந்தால் எதிர்க்கட்சியின் பாபின் ஒன்றையும் சேர்த்து உரிக்க வேண்டும். உரித்த நூலைப் பந்தாகச் சுருட்டி ஒருத்தர் தலையில் ஒருத்தர் எறிவோம். எல்லாவற்றிலும் பெரிது மில் சங்கு. எந்தக் கட்சி முதலில் முடிக்கிறதோ அந்தக் கட்சியில் ஒருத்தர் காலிச் சாக்கின் மேல் சூப்பர்வைசராக உட்கார்ந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஊ..." என்று சங்கு ஊதலாம். அநேகமாக நான்தான் ஊதுவேன். தெருவே கேட்கும்.

சாயங்காலம் அதே மாமா வந்து பாபின்களை அள்ளிக்கொண்டு போவார். "எங்கம்மா கொண்டு போறாரு?" என்று கேட்டேன். "செட்டியார்பட்டிப் பிள்ளைகளுக்கு. அதுகளும் வெளையாடணும்ல?" என்றாள் அம்மா. அந்தப் பிள்ளைகள் எப்படி எண்ணுவார்கள், தமிழிலா தெலுங்கிலா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

அப்படி ஒரு நாளில்தான் கழுத்தில் கேமரா தொங்க ஒருவர் வந்தார். வெளியூர் ஆள், தாடி வைத்திருந்தார். மூடிய மில்லைப் படம் எடுத்துவிட்டுத் தெருவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். வாசலில் நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளைங்க என்ன பண்றாங்கம்மா?"

அம்மா எழுந்து, பாபின் குவியலை மறைத்தாற்போல நின்றாள். "வெளையாடுதுக சார். சும்மா வெளையாடுதுக."

அவர் என் பக்கம் குனிந்து, "என்ன விளையாட்டு பாப்பா?" என்றார்.

"மில் வெளையாட்டு!" என்று சொல்லிச் சங்கும் ஊதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா சீப்பை எடுத்து வந்து தம்பிக்குத் தலை சீவப் போனாள். "வேண்டாம்மா, இப்படியே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். மூன்று நான்கு தடவை கேமரா சொடுக்கியது. முகவரி எழுதிக்கொண்டார், போட்டோ அனுப்புவதாகச் சொன்னார். வரவே இல்லை.

*

மண்டபத்து வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்காட்சிப் பொறுப்பு அவருடையது. நான் போய் நின்றேன்.

"மேடம், அந்தப் படத்தை எடுங்க. அதுல எழுதியிருக்கது பொய்."

"எந்தப் படம்?"

"அதுல இருக்கது நான்தான். நாங்க வேலை பாக்கல. வெளையாடிக்கிட்டு இருந்தோம். எங்க அம்மா எங்களை ஒருநாளும் வேலைக்கு அனுப்புனதில்ல. நீங்கபாட்டுக்கு எதையாவது எழுதி ஊர் ஊராக் கொண்டு போவீங்களா?"

என் சத்தத்துக்குத் தோழிகள் கூடிவிட்டார்கள். அந்தப் பெண் மேசையிலிருந்து எழுந்தார். என்னோடு படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "கையில என்னம்மா கட்டியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அதுவரைக்கும் கையைப் பார்க்கவில்லை. என் பத்து விரலிலும் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. தம்பி விரலிலும்.

"நூல் அறுக்கும்ல, அதான் அம்மா கட்டிவிடுவா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆனாலும் விடவில்லை. படத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். அவர் அதைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "அம்மாட்ட காமிங்க. நாளைக்கழிச்சு வரைக்கும் இங்கதான் இருப்போம். கொண்டு வந்து கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டாலும் சரி."

இராஜபாளையம் பஸ்ஸில் வழி முழுக்க ஒரு புகார் மனுவை மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். கலெக்டருக்கு அனுப்புவதா பத்திரிகைக்கு அனுப்புவதா என்பதுதான் பாக்கி.

*

அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் செய்தித்தாளைப் பிரித்து, "பாரும்மா அநியாயத்தை" என்று படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அம்மா துணிகளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்தாள். தம்பியின் முகத்தில் விரலை வைத்து, "எம்புட்டுப் பொடியனா இருக்கான்" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அட்டையில் இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்.

"பறிக்கப்பட்டன்னா?"

"பிடுங்கிட்டாகன்னு அர்த்தம்மா. சும்மா விடக் கூடாது. மனுக் கொடுக்கணும்."

"எதுக்குட்டி மனு?"

"எதுக்கா? நாங்க வெளையாடுனதைப் போட்டோ புடிச்சு வேலைன்னு எழுதியிருக்கான்ல?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "வேலைதான் பாத்தீய" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தேன். "என்னம்மா சொல்லுத?"

"உங்க அப்பா திருப்பூருக்குப் போயி நாலு மாசம் ஒரு கடுதாசி இல்ல. நான் ஒருத்தி உரிச்சா ஒருநாளைக்கு ஒரு மூட்டை. ஒரு மூட்டைக்குக் கஞ்சிதான் குடிக்கலாம். ரெண்டு மூட்டை உரிச்சாச் சோறு. மொத நாளு உங்களை உக்கார வச்சு, உரிங்கன்னு சொன்னேன். செத்த நேரத்துல அவன் அழுதான். நீ எந்திரிச்சு ஓடிட்ட. பிடிச்சு அடிச்சேன். நெனவிருக்கா?"

இல்லை. துளியும் இல்லை.

"மறுநாளும் அடிச்சேன். மூணாம் நாளு அடிக்க மனசு வரல. பொறவுதான் வெளையாட்டா மாத்துனேன். பக்கத்து வீட்டு அத்தையும் அவ பிள்ளைகளை அனுப்புனா. நீதான் சந்தோசமா உரிச்ச. உன்னயப் பாத்து மத்ததுகளும் உரிச்சுதுக."

எனக்கு ஏதாவது சொல்லி அந்தப் பேச்சை லேசாக்க வேண்டும்போல இருந்தது. "நல்லவேளை, அந்த நேரம் பாத்துப் பள்ளிக்கூடத்துல ஓடு மாத்துனாக" என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். "ஓடு யாரு மாத்துனா? பள்ளிக்கூடம் நடந்துச்சு. நான்தான் அனுப்பல."

நான் என் வகுப்பில் எல்லோரையும்விட ஒரு வயது மூத்தவள். நாலாம் வகுப்பு இரண்டு தடவை படித்தவள். 'பிள்ளை பொடிசா இருக்கு, இன்னொரு வருசம் இருக்கட்டும்' என்று ஹெட்மாஸ்டர் சொன்னதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதை நான் எத்தனை பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்! பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள்கூடச் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது." அம்மா மடியிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "யாரு பிடுங்குனான்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப பாக்குறவுக என்னையத்தான நெனைப்பாக" என்றாள்.

*

தம்பி லேத் பட்டறையிலிருந்து வந்து படத்தைப் பார்த்ததும், "ஏ, எஞ்சட்டையைப் பாரேன்!" என்று சிரித்தான். நான் அவனைத் தனியாகத் தெருமுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சொன்னதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் தாங்குவானோ மாட்டானோ என்று பயமாக இருந்தது.

"தெரியும்" என்றான்.

"என்னலே தெரியும்?"

"அது வேலைன்னு. அப்பவே தெரியும். ஒருநாளு சைக்கிள் மாமா என்னைய முன்னால உக்கார வச்சு செட்டியார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனாருல்ல? அந்தப் பிள்ளைகளோட வெளையாடலாம்னு ஆசையாப் போனேன். அங்க ஒரு குடோனுதான் இருந்துச்சு. அம்புட்டும் மூட்டை. ஒரு பிள்ளையக் காணோம். ஒரு ஆளு பாபினை எண்ணி எண்ணி அடுக்குதாரு."

"ஏம்ல எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ. பொறவு உம் பங்கையும் நான்ல உரிக்கணும்?" அவன் சிரித்தான். பிறகு, "நீ சங்கு ஊதும்போது அம்மா சிரிக்கும்க்கா. அப்பல்லாம் வேற எதுக்கும் சிரிக்காது" என்றான்.

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன். என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். தம்பி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நூலின் நுனியைத் தேடுகிறான். பக்கத்து வீட்டுத் தங்கை கேமராவைப் பார்க்கவே இல்லை. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவள் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. நாலு பேரில் விளையாடியது நான் ஒருத்தி மட்டும்தான்.

*

கண்காட்சியின் கடைசி நாள் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நானும் வருவேன் என்று அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மண்டபத்தில் அந்தப் பெண் படத்தை வாங்கி அதே ஆணியில் மாட்டினார். அம்மா அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். வரிசையில் வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு டீச்சர், "கொஞ்சம் நகருங்கம்மா, பிள்ளைங்க பாக்கட்டும்" என்றார். அம்மா நகரவில்லை.

"நான்தான் இதுகளுக்கு அம்மா" என்றாள்.

அந்த டீச்சர் பிள்ளைகளை ஓரமாக நடத்திக்கொண்டு போனார். பொறுப்பாளர் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, மனசு கஷ்டமா இருந்தா கீழ எழுதியிருக்கறத மாத்திடறேன். என்ன எழுதட்டும், சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். மில்லு மூடுனதையும் சேத்து எழுதுங்க" என்றாள். பிறகு, கடையில் கூச்சத்தோடு ஒரு பொருளைக் கேட்பவள்போலக் குரலைத் தாழ்த்தி, "இதுல ஒரு காப்பி கெடைக்குமா? எங்க வீட்ல இதுக சின்னப்பிள்ளையா இருந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது நிஜம். ஸ்டுடியோவுக்கு எங்களை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அது ஒன்றுதான் எங்கள் குழந்தைப் பருவத்தின் படம்.

அந்தப் பெண் அனுப்புவதாகச் சொன்னபடி, ஒரு மாதத்தில் காப்பி தபாலில் வந்தது. கீழே எழுத்து ஏதும் இல்லாமல், படம் மட்டும். ஊர் ஊராகப் போன அட்டையில் மில் மூடியதைச் சேர்த்து எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது. அம்மா தபாலில் வந்த படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டினாள். நான் அவளோடு இரண்டு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை பார்க்க வைத்ததற்காக இல்லை. அதைவிட நல்ல வழி அவளுக்கு இருந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. நான் அத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளையா என்னையா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. பிறகு ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், பேச்சு தானாக வந்துவிட்டது.

அந்தப் பழைய காலத்தை மட்டும் என்னால் பழையபடி நினைக்க முடியவில்லை. எது வந்தாலும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். அய்யனார் கோயில் ஆற்றில் குளித்தோமே, அது நிஜமாகக் குளிக்கத்தான் போனோமா? தேவதானத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தோமே, அது விருந்தா, வீட்டில் அரிசி இல்லாததாலா? தம்பியிடம்தான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். சிலதற்கு அவன் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

"ஆடிப்பூரத் தேருக்கு அப்பா நம்மளக் கூட்டிட்டுப் போனாரே, தோள்ல தூக்கி வச்சுக் காமிச்சாரே, அதுவாவது உண்டாலே?" என்று ஒருதடவை கேட்டேன்.

"அது உண்டு. அது நெசம்க்கா. தேரு பாக்கத்தான் போனோம்."

நிஜமான அந்த ஒரு நாளையாவது முழுதாக வைத்துக்கொள்ள நினைத்து, அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டேன். அது அவனுக்கும் நினைவில்லை.